மூட்டையில் எழுதும் பெயர்

சேலம் மாவட்டம் கெங்கவல்லிப் பக்கத்தில் ஒரு சேகோ மில்லில் கணக்கு எழுதப் போய், பிறகு சரக்கு பார்க்கும் வேலைக்கு மாறி, கடைசியில் பரிசோதனை அறையிலேயே தங்கிவிட்டவன் நான். வாழ்நாளில் பெரும்பகுதி இரண்டு ஆங்கிலச் சொற்களோடு போயிற்று. ஒன்று சேகோ, மற்றது டேபியோக்கா. கடையில் கால் கிலோ ஜவ்வரிசி வாங்கிப் பாயசம் வைக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். வெள்ளை வெளேரென்று மணி மணியாக இருக்கும், வெந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். மூட்டை கட்டி, பில் போட்டு, லாரி ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு அப்படி விட்டுவிட முடியாது. எந்தச் சொல்லை எங்கே எழுதுகிறோம் என்பதை வைத்து வரி மாறும், வாங்குகிறவர் மாறுவார், சில சமயம் சரக்கே திரும்பி வரும். கிழங்கு போட்ட விவசாயிக்குக் கிடைக்கும் விலையிலும் அந்தச் சொல்லுக்குப் பங்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

சேகோ மலாய் நாட்டுச் சொல். சாகு என்பது அங்கே ஒரு பனை இனத்து மரம். நம்மூர்ப் பனையைப் போல வறண்ட மேட்டில் நிற்பதில்லை, சதுப்பு நிலத்தில் வளரும். போர்னியோ தீவின் சரவாக் பகுதியில் முக்கா என்ற ஊரைச் சுற்றி வாழும் மெலனாவ் மக்களுக்கு அதுதான் பரம்பரை உணவு. மரம் பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்து, பூ விடும் தறுவாயில் அடிமரம் முழுக்க மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கும். அப்போது வெட்டி, உள்சோற்றைத் துருவி, தண்ணீர் விட்டுக் கசக்கி, பால் எடுத்துப் படிய விடுவார்கள். ஒரு மரத்தில் 150 கிலோவுக்கு மேல் மாவு கிடைப்பதுண்டு. மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் சுமத்ராவில் மரத்திலிருந்து மாவு எடுப்பதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்.

டேபியோக்கா உலகின் மறுபக்கத்துச் சொல். பிரேசில் நாட்டுத் துப்பி மக்கள், கிழங்கைத் துருவிப் பிழிந்தபின் அடியில் படியும் வண்டலுக்கு வைத்த பெயர் அது. போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. செடிக்கு வேறு பெயர்கள் இருந்தன. மணியோக் என்றும் கசாவா என்றும் சொன்னார்கள். இன்றும் அமெரிக்காவில் டேபியோக்கா என்றால் மாவையும் மணியையும்தான் குறிக்கும், செடி கசாவா. ஆப்பிரிக்காவில் ஆங்கிலம் பேசும் நாடுகளிலும் கசாவாதான். இந்தியாவிலும் மலேசியாவிலுமோ டேபியோக்கா என்பது செடிக்கும் கிழங்குக்குமே பெயராகிவிட்டது. கேரளத்தில் ஆங்கிலம் பேசுகிறவர் கப்பையையும் மீன்குழம்பையும் சாப்பிட்டுவிட்டு டேபியோக்கா சாப்பிட்டேன் என்பார். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சகாலத்துக்கு உதவும் என்று அங்கே பரப்பிய கிழங்கு அது.

இந்த இரண்டு சொற்களும் இந்தியாவுக்கு வந்து இடம் மாறிக்கொண்டதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர். மரத்தின் பெயராகப் பிறந்த சேகோ, இங்கே ஓர் உருவத்தின் பெயராகிவிட்டது. உருண்டையாக, வெள்ளையாக, காய்ந்து இருந்தால் சேகோ. பிழிந்தெடுத்த பொருளின் பெயராகப் பிறந்த டேபியோக்கா செடியின் பெயராகிவிட்டது. பரிசோதனை அறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். ஒரு பெயர் சரக்கு எப்படி இருக்கிறது என்று சொல்லும், மற்றது எதிலிருந்து வந்தது என்று சொல்லும்.

எங்கள் ஊர்ப் பேச்சில் கிழங்குக்கு இந்த இரண்டு பெயரும் இல்லை. கெங்கவல்லி, கூடமலை, தெடாவூர், வீரகனூர் எங்கும் மரவள்ளி என்றால் குச்சிக்கிழங்கு. சுருக்கமாகக் குச்சி. குச்சி நட்டேன், குச்சி புடுங்கறோம், குச்சி வெலை எறங்கிப்போச்சு என்றுதான் பேச்சு. மில்லுக்குள் வந்தால் அது பால், மாவு, குருணை, ஜவ்வரிசி, திப்பி என்று வேளைக்கு ஒரு பெயர் எடுக்கும். திப்பி என்பது பால் எடுத்தபின் மிஞ்சும் நார்ச்சக்கை. காயவைத்துத் தீவனத்துக்குப் போகும். சேகோ என்றால் எங்கள் ஆட்களுக்கு மில்லேதான். “சேகோவுக்கு லோடு போவுதுங்க” என்றால் கிழங்கு ஏற்றிய டிராக்டர் மில்லுக்குப் போகிறது என்று அர்த்தம்.

மலாய் மரத்தின் பெயர் சேலத்துக் கிழங்கு மில்லுக்கு வந்ததற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர். அதற்கு முன் இந்தியாவில் நோயாளிக்குக் கஞ்சி வைக்கவும் விரதத்துக்கும் பயன்பட்ட சேகோ, சிங்கப்பூர், பினாங்கு வழியாகக் கப்பலில் வந்தது. அங்கேயே அப்போது இரண்டு வகை மணிகள் இருந்தன. சீன வணிகர்கள் பனைமாவில் சேகோ மணியும், மலாக்கா பக்கத்துத் தோட்டங்களில் விளைந்த கிழங்கில் டேபியோக்கா மணியும் செய்து சிங்கப்பூர் வழியே அனுப்பினார்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததும் வரத்து நின்றது. சேலத்தில் மீன் வியாபாரம் செய்த மாணிக்கம் செட்டியார், தொழில் விஷயமாகக் கேரளம் போய்வருகையில், பினாங்கில் இந்தத் தொழிலைப் பார்த்துத் தெரிந்துகொண்ட போபட்லால் ஷாவைச் சந்தித்தார் என்றும், இருவரும் சேர்ந்து 1943 வாக்கில் கிழங்கிலிருந்து மாவெடுத்து மணி உருட்டத் தொடங்கினார்கள் என்றும் எங்கள் தொழிலின் வரலாற்றைச் சொல்வார்கள். கையால் துருவி, துணியில் வடிகட்டி, படியவிட்டு, உருட்டி, வறுத்து எடுத்த சரக்கு. பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாங்குகிறவர்களுக்குத் தெரிந்த பெயர் சேகோ. அந்தப் பெயரில் விற்றால்தான் விற்கும். அதனால் கிழங்கு மணிக்கு மரத்தின் பெயர் நிலைத்தது. ஏமாற்றும் எண்ணம் அதில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பொருள் கிடைக்காத காலத்தில் அதே வேலையைச் செய்யும் இன்னொரு பொருளுக்குப் பழைய பெயர் ஒட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

செய்முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும், அதில்தான் இரண்டு சொற்களும் எங்கே பிரிகின்றன என்று தெரியும்.

குச்சி ஏறக்குறைய பத்து மாதப் பயிர். பிடுங்கியபின் வைத்திருக்க முடியாது. ஒன்றிரண்டு நாளில் உள்ளே நீலக்கோடு ஓடி, கிழங்கு கெட ஆரம்பிக்கும். அதனால் சீசனில் மில் வாசலில் டிராக்டரும் லாரியும் ராத்திரி பகலாக நிற்கும். எடை போட்டதும் முதல் வேலை பாயிண்ட் பார்ப்பது. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட். மாதிரிக்கு எடுத்த கிழங்கை முதலில் காற்றில் நிறுத்து, பிறகு தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுப்போம். மாவு கூடின கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும், நீர் கோத்த கிழங்கு லேசாகிவிடும். விலை அந்த பாயிண்டைப் பொறுத்தது. மழையில் நனைந்த வயலிலிருந்து வந்தாலும், முற்றாமல் பிடுங்கினாலும் பாயிண்ட் இறங்கும்.

“போன லோடு 28 வந்துச்சுங்க, அதே காடு, அதே குச்சி, இப்ப 25ங்கறீங்க?”

“நடுவுல தண்ணி உட்டீங்களா?”

“உட்டாத்தானுங்க புடுங்க முடியும், தரை இறுகிக் கெடக்குது.”

இந்தப் பேச்சு இல்லாத நாளே இல்லை. விவசாயி நிற்கும்போதே, அவர் கண்ணெதிரில்தான் நிறுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். பாயிண்டை மறைவாகப் பார்க்கிற மில்லுக்கு நல்ல கிழங்கு வராது.

பிறகு கழுவித் தோல் எடுப்பார்கள். முன்பு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தியால் சீவுவார்கள். விரல் முழுக்கப் பிசுக்கு ஏறிக் கருத்துவிடும். இப்போது பெரும்பாலும் இயந்திரம். தோல் எடுத்த கிழங்கு அரவைக்குப் போய், தண்ணீரோடு சல்லடையில் விழும். பால் கீழே இறங்கும், திப்பி மேலே நிற்கும். பாலைத் தொட்டியில் விட்டால் மாவு அடியில் இறுகிப் படியும். மேல்நீரை வடித்துவிட்டு மேலே நிற்கும் பழுப்பை வழித்து எறிந்தால் கீழே சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஈரமாவு. இதுவரை நடந்ததெல்லாம் டேபியோக்கா. மாவை அப்படியே காயவைத்து மூட்டை கட்டினால் டேபியோக்கா ஸ்டார்ச். குமாரபாளையம், ஈரோடு தறிகளுக்குப் பாவு நூலில் கஞ்சி போடவும், அட்டைப்பெட்டி ஒட்டும் பசைக்கும் அது போகும்.

சேகோ பிறப்பது அதற்குப் பிறகு. ஈரமாவை உதிர்த்து, துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கினால் மாவு தானாக உருண்டு மணியாகும். சல்லடையில் அளவு பிரித்து, லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவிய சூடான இரும்புத் தட்டில் வறுப்பார்கள். வெளிப்பக்கம் வெந்து ஓடு கட்டும், உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். பிறகு களத்தில் வெயிலில் காய்ந்து, பாலிஷ் ஏறி, 90 கிலோ மூட்டையாகும். வறுப்பதற்குப் பதிலாக ஆவியில் வேகவைத்தால் கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசி. வடகத்துக்கு அது, வடைக்கும் கிச்சடிக்கும் வறுத்தது. ஒரு டன் கிழங்கில் மணியாகத் தேறுவது 200 கிலோவுக்குச் சற்று மேல். அந்தத் தட்டைத் தாண்டும் வரை சேகோ என்ற சொல்லுக்கு மில்லில் வேலை இல்லை. தாண்டியபின் டேபியோக்கா என்ற சொல்லை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நான் மல்லுக்கட்டியது இந்த மறதியோடுதான்.

ஏற்றுமதித் தாளில் மட்டும் அந்த மறதி நடக்காது. உலகம் முழுக்க வழங்கும் சுங்கப் பட்டியலில் நம் ஜவ்வரிசிக்குரிய தலைப்பு 1903. அங்கே டேபியோக்கா என்றுதான் போட்டிருக்கும். மாவுச்சத்திலிருந்து செய்த செதில், மணி, முத்து வடிவங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். சேகோ என்ற சொல்லைத் தேடிப் போனால் 1106இல் சேகோ மாவு இருக்கும், 0714இல் சேகோ மரத்தின் உள்சோறு இருக்கும். நம் மணி அங்கே இல்லை. மணியாக்காத மாவு 1108இல் மணியோக் ஸ்டார்ச் என்ற பெயரில் இருக்கும். ஒரே மில்லில், ஒரே கிழங்கில், ஒரே நாளில் செய்த சரக்குக்கு இரண்டு தலைப்பு, இரண்டு பெயர். முதலில் பார்க்கும் பையன்கள் மிரண்டுபோவார்கள். சேகோ ஏற்றுமதிதானே என்று சேகோ என்ற சொல் இருக்கும் வரிசையில் எண்ணைப் போட்டுவிடுவார்கள். உட்கார வைத்து, அரவையிலிருந்து களம் வரை கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் புரிந்துகொள்வார்கள். தலைப்பு 1903ஐ எழுதியவர்கள் உருண்டைக்குப் பெயர் வைக்கும்போது கிழங்கின் பெயரை விடவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

இன்னொரு சொல் ஜோடியும் எங்களைப் படுத்தியது. ஸ்டார்ச் என்பதும் ஃபிளவர் என்பதும். தமிழில் இரண்டுக்கும் மாவு என்றே சொல்லிவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் டேபியோக்கா ஃபிளவர் என்றால் கிழங்கைச் சீவிக் காயவைத்த சிப்ஸை அப்படியே அரைத்தது. நாரும் இருக்கும், பழுப்பும் இருக்கும். தாய்லாந்திலும் அதை ஒட்டிய வியாபாரத்திலும் டேபியோக்கா ஃபிளவர் என்றால் பால் எடுத்துப் படியவைத்த சுத்தமான ஸ்டார்ச். வடக்கே பசை தயாரிக்கும் ஒருவர் தாய்லாந்து வழக்கத்தில் கேட்டார், இங்கே ஒரு வியாபாரி நம் வழக்கத்தில் சிப்ஸ் மாவை அனுப்பினார். இரண்டு பேரும் யோக்கியர்கள், இரண்டு பேரும் எழுதியது ஒரே சொல். பசை கட்டி கட்டியாகி, நிறமும் கருத்துப்போய், லாரி வாடகை இரண்டு தடவை ஏறி, உறவே முறிந்துபோனது. அதிலிருந்து ஆர்டர் எந்த மொழியில் வந்தாலும், படியவைத்த மாவா, அரைத்த மாவா என்று திரும்பிக் கேட்டு எழுதி வாங்காமல் எங்கள் மில்லிலிருந்து மூட்டை நகராது என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

1954ஆம் வருட உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் சேகோவுக்கு ஒரு விளக்கம் இருந்தது. 2006ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு 2011இல் வந்த ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்கிறது. சாராம்சம் இதுதான்: சேகோ என்பது சேகோப் பனையின் மாவுச்சத்திலிருந்தோ, டேபியோக்கா கிழங்கிலிருந்தோ செய்த சிறு கெட்டி மணிகள். வேறு பொருள் எதுவும் கலந்திருக்கக் கூடாது, இயற்கை நிறங்கள்கூடக் கூடாது. எரித்தால் மிஞ்சும் சாம்பல் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தியத் தர நிர்ணய ஏட்டில் இதற்கென்று உள்ள ஐஎஸ் 899க்குப் பெயரே டேபியோக்கா சேகோ. பக்கத்தில் இந்திப் பெயரான சாபூதானாவும் உண்டு.

அந்த விளக்கத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். உருவத்தை மட்டும் சொல்லி நிறுத்தாமல், எதிலிருந்து வரலாம் என்று இரண்டு செடிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள். அந்த இரண்டு பெயர்தான் எங்கள் ஊர்க் குச்சி விவசாயிக்கு வேலி. சேகோ என்றால் வெள்ளை உருண்டை என்று மட்டும் இருந்திருந்தால், எந்த மாவை உருட்டினாலும் அது சேகோ ஆகியிருக்கும்.

உருட்ட முடியுமா என்றால் முடியும். மக்காச்சோள மாவு கிழங்கு மாவைவிட மலிவாக இருக்கும் காலங்களில் அதை ஈரமாவோடு கலந்து உருட்டுகிறவர்கள் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையினர் மில்களில் சோதனை போட்டு மக்காச்சோள மாவு மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்திகள் சேலம் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. மக்காச்சோளத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கெங்கவல்லியைச் சுற்றி, சுவேத நதி ஓரத்திலும் பச்சைமலை அடிவாரத்திலும் குச்சி போடுகிற அதே குடும்பம் பக்கத்து வயலில் சோளம் போடுகிறது. சோள மாவு விஷமும் இல்லை. ஆனால் கலந்து உருட்டின மணியை சேகோ என்று சொன்னால் அது பொய். அந்தப் பொய்யின் விலையைக் குச்சி போட்டவர் கொடுக்கிறார். பத்து மாதம் காத்திருந்தவருடைய கிழங்குக்கு அந்த அளவு தேவை குறைகிறது, விலை இறங்குகிறது. எதனால் இறங்கியது என்பதே அவருக்குத் தெரியாது.

வாங்குகிறவர் கொடுக்கும் விலை வேறு மாதிரி. நம் ஜவ்வரிசியில் பெரும்பங்கு தமிழ்நாட்டில் தங்குவதில்லை. மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று வடக்கே போகிறது. ஏகாதசி, சிவராத்திரி, நவராத்திரி விரதங்களில் அவர்கள் தானியம் தொடமாட்டார்கள். அரிசி, கோதுமை, சோளம் எதுவும் கூடாது. கிழங்கு ஆகும், அதனால் சாபூதானா ஆகும். கிச்சடி செய்து நிலக்கடலைத் தூள் போட்டுச் சாப்பிட்டு விரதம் காப்பார்கள். அந்த மணிக்குள் மக்காச்சோளம் இருந்தால் அது தானியம். சாமிக்கு நேர்ந்துகொண்டு பட்டினி கிடக்கிற ஒரு அம்மாளுக்குத் தெரியாமல், அவர் விரதத்தை நாம் கெடுத்துவிடுகிறோம். சாம்பல் கணக்கும் ஈரப்பதக் கணக்கும் சரியாக வந்தாலும் இந்தத் தப்பு தப்புதான். பரிசோதனை அறையில் எந்த மாதிரியைக் கையில் எடுத்தாலும் எனக்கு இந்த நினைப்பு வரும்.

கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்பார்கள். அயோடின் விட்டால் நீலமாகும், ஆனால் எல்லா மாவுச்சத்தும் நீலமாகும், அதனால் அது உதவாது. கூழ் காய்ச்சிப் பார்த்தால் ஓரளவு தெரியும். கிழங்கு மாவுக் கூழ் தெளிவாக இருக்கும், கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக இழுபடும். சோள மாவுக் கூழ் கலங்கலாக இருக்கும், ஆறினால் கெட்டியாக உறைந்து வெட்டுப்படும். கலப்பு கொஞ்சமாக இருந்தால் கூழ் ஏமாற்றிவிடும். நம்பத் தகுந்தது நுண்ணோக்கிதான். கிழங்கு மாவின் துகள் உருண்டையாக, ஒரு பக்கம் மட்டும் வெட்டிவிட்டது போல் தட்டையாக, கவிழ்த்து வைத்த தேங்காய்த் தொட்டி மாதிரித் தெரியும். சோளத் துகளுக்கு மூலைகள் உண்டு, பல பக்கம் கொண்டது. பனைச் சேகோவின் துகள் இரண்டையும்விடப் பெரியது, நீள்வட்டம். கலந்து உருட்டிய மணியானாலும் கண்ணாடிச் சில்லின் மேல் ஒவ்வொரு துகளும் தன் ஊரைச் சொல்லிவிடும். வறுத்த மணியின் வெளிஓடு வெந்து துகள் குலைந்திருக்கும், அதனால் மணியை உடைத்து நடுவிலிருந்து எடுக்க வேண்டும். நைலான் வகை உள்வரைக்கும் வெந்தது. அதைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்.

வெண்மை வேறொரு பெரிய தலைவலி. வாங்குகிறவர் பளபளவென்று வெள்ளை கேட்கிறார், அதற்காக வெளுப்பு மருந்து போடுகிறவர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், வழக்குகள் வந்தன. தோலை நன்றாக எடுத்து, நல்ல தண்ணீரில் பாலைக் கழுவினால் கிழங்கு மாவு தானே வெள்ளையாகத்தான் இருக்கும். தண்ணீர் பஞ்சமும் அவசரமும்தான் மருந்தைத் தேட வைக்கின்றன. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

சேகோசர்வைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பேச முடியாது. 1981இல் சேலத்தில் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், சேகோ, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களுக்கானது. அதற்கு முன் சிறு மில்காரர் இடைத்தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியிருந்தது, பணம் எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லை. சங்கத்தில் மூட்டையை இறக்கினால் மாதிரி எடுத்துத் தரம் பார்த்து, வியாபாரிகள் பார்வைக்கு வைத்து, மறைமுக ஏலத்தில் விலை கேட்பார்கள். பக்கத்து வியாபாரி என்ன விலை எழுதினார் என்று தெரியாததால் நல்ல சரக்குக்கு நல்ல விலை விழும். பெயரை ஒழுங்காக எழுதும் பழக்கம் பல மில்களுக்கு வந்தது அந்தக் கிடங்கு வாசலில்தான். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேகோ, டேபியோக்கா என்ற இரண்டோடு இப்போது சேலம் என்ற ஊர்ப்பெயரும் சட்டப்படி சேர்ந்திருக்கிறது. உருவம், செடி, ஊர் என்று மூன்றையும் சேர்த்து எழுதினால் அந்த மூட்டையில் மறைக்க ஒன்றும் இருக்காது.

செடியின் பெயர் சரியாகத் தெரிந்திருப்பது எவ்வளவு உதவும் என்பதை மாவுப்பூச்சி வந்த சமயத்தில் பார்த்தோம். 2020இல் கேரளத்தில் கண்ட புதுப்பூச்சி சீக்கிரமே சேலம், நாமக்கல் பக்கம் பரவியது. கொழுந்து சுருண்டு, கணு நெருங்கி, செடி முடங்கிப் போகும். பாயிண்ட் சரிந்தது. என் தம்பி மகன் செல்போனில் டேபியோக்கா என்று போட்டுத் தேடினான், பாயசக் குறிப்பாக வந்து விழுந்தது. கசாவா என்று போடச் சொன்னேன். உலகமே திறந்துகொண்டது. 1970களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் புகுந்து கிழங்கை அழித்ததும், தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அனாகைரஸ் லோபெசி என்ற சின்னஞ்சிறு குளவி அதை அடக்கியதும், அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானி 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றதும் எல்லாம் கசாவா என்ற பெயரில்தான் எழுதப்பட்டிருந்தன. பெங்களூரிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனம் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அந்தக் குளவியை வரவழைத்தது. 2022 மார்ச்சில் எங்களுக்குப் பக்கத்து ஏத்தாப்பூரிலேயே, வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியே விட்டார்கள். விவசாயிகளுக்கும் கொடுத்தார்கள். குளவியை வாங்கிப்போய் வயலில் விட்ட பெரியவர் ஒருவர், “கண்ணுக்கே தெரியலீங்களே, இதா அந்தப் பூச்சியத் திங்கும்?” என்று கேட்டார். அது தின்பதில்லை, பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்து தின்று வெளியே வரும் என்று விளக்கியபோது அவர் முகத்தில் வந்த தெளிவு எனக்கு மறக்காது.

இப்போது எங்கள் மில்லில் மூட்டையின் மேல் அச்சடிப்பது டேபியோக்கா சேகோ என்று. கீழே தமிழில் மரவள்ளி ஜவ்வரிசி, இந்தியில் சாபூதானா. ஆங்கிலத்தில் சேகோ என்று மட்டும் போட்டால் போதாதா, மை மிச்சமாகுமே என்று அச்சுக்காரர் கேட்டார். கிழங்கின் பெயர் இல்லாத மூட்டையை வெளியே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதலாளியும் ஒத்துக்கொண்டார்.

தீராமல் நிற்பது சில்லறைக் கடை. 90 கிலோ மூட்டை சந்தையில் பிரிந்து, சாக்கில் கொட்டி, கால் கிலோ, அரைக் கிலோவாகக் காகிதத்தில் மடிந்து போகிறது. நாங்கள் அச்சடித்த பெயர் அங்கே சாக்கோடு சுருண்டுவிடுகிறது. இரண்டு மில் சரக்கு ஒரே சாக்கில் கலந்தால் எது யாருடையது, எதில் சோளம் இருக்கிறது என்று நுண்ணோக்கி இல்லாமல் ஒருவராலும் சொல்ல முடியாது. வீட்டுப் பயன்பாட்டுக்கு மில்லிலேயே சிறு பொட்டலம் போட்டு, கிழங்கின் பெயரையும் ஊரின் பெயரையும் அதன் மேல் அடித்து அனுப்ப வேண்டும். பொட்டலம் போடும் இயந்திரம் சிறு மில்காரர் கைக்கு எட்டும் விலையில் இல்லை. நாலைந்து மில்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்று ஆத்தூரில் பேச்சு நடக்கிறது. அடுத்த சீசனுக்குள் முடிவாகிவிடும் என்கிறார்கள். எந்த எழுத்தை எவ்வளவு பெரிதாக அச்சடிப்பது என்பதை நான் இப்போதே வரைந்து வைத்திருக்கிறேன்.